மனோராவும் மறக்கப்பட்ட போரும்

தஞ்சை மாவட்டக் கடற்கரையில், மல்லிப்பட்டினத்தை அடுத்துள்ள சரபேந்திரராசன்பட்டினத்தில், அறுகோண வடிவில் எட்டு நிலைக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. உயரம் ஏறத்தாழ 75 அடி. மக்கள் அதனை மனோரா என்பர். அரபு மொழியில் 'மனாரா' எனின் ஒளி தரும் இடம் என்பது பொருள். கலங்கரை விளக்கையும் பள்ளிவாசல் கோபுரத்தையும் அச்சொல் குறிக்கும். 'நூர்' என்னும் சொல்லோடு ஒரே வேரிற் பிறந்த அது, மராத்திய மன்னர் ஒருவர் எழுப்பிய கோபுரத்திற்குப் பெயராய் அமைந்தது மொழிகளின் விந்தை.

ஆயினும் அது தொழுகைக்கு அழைக்கும் கோபுரமன்று. போர் நினைவுச் சின்னம். ஆங்கிலேயரின் வெற்றிகளையும் நெப்போலியனின் வீழ்ச்சியையும் நினைவுகூர இரண்டாம் சரபோஜி மன்னர் அதனைக் கட்டினார். வாட்டர்லூப் போரின் நினைவாக எழுந்தது என்று பலர் எழுதுகின்றனர். கல்வெட்டில் காணும் ஆண்டோ 1814. வாட்டர்லூப் போர் நிகழ்ந்தது 1815 சூன் திங்களில். எனவே, 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்ட வீழ்ச்சியையே அக்கல்வெட்டு குறிக்கின்றது எனல் வேண்டும்.

நெப்போலியன் வீழ்ந்ததால் காவிரிக்கரை உழவன் பெற்றதென்ன, இழந்ததென்ன? ஒன்றுமில்லை. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையளவில் மன்னராயிருந்தவர் சரபோஜி. கும்பினியாரின் நட்பைக் கல்லிற் பொறித்துக் காட்டும் தேவை அவருக்கு இருந்தது. ஒரு நினைவுச் சின்னம் போரைப் பற்றிக் கூறுவதைவிட, அதனை எழுப்பியவரின் நிலையைப் பற்றியே மிகுதியாகக் கூறுகின்றது.

அக்கோபுரம் எழுவதற்கு முப்பதாண்டுகளுக்கு முன் இம்மண்ணிலேயே ஒரு பெரும்போர் நடந்தது. 1781இல் மைசூர் ஹைதர் அலியின் படை சோழவளநாட்டிற்குள் புகுந்தது. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. பாசன அமைப்புகள் சிதைந்தன. உழவர்கள் ஊர்களை விட்டோடினர். 1782 பிப்ரவரியில் கொள்ளிடக்கரை அன்னக்குடியில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைத் திப்பு சுல்தான் சூழ்ந்து பணியவைத்தார். அப்படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே. அந்நாளைய அழிவை 'ஐதர் கலாபம்' என்றே தஞ்சை மக்கள் வழிவழியாகப் பேசி வந்தனர்.

வாசகர் சிலருக்கு இச்செய்தி கசக்கலாம். அன்னியரை எதிர்த்து நின்ற ஹைதரையும் திப்புவையும் நாம் பெருமையுடன் போற்றுகின்றோம்; அதில் தவறில்லை. ஆயினும், பயிரையும் பழமரங்களையும் அழிக்கலாகாது, பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது என்று படைத்தலைவருக்குக் கட்டளையிட்ட கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் அளவுகோல் நம் கையில் இருக்கின்றது. பிறரை அளக்க மட்டும் அதனை எடுப்பது நீதியாகாது. அன்றியும், குற்றம் ஒரு தரப்பினதன்று. 1773இல் ஆர்க்காட்டு நவாபும் கும்பினியாரும் சேர்ந்து தஞ்சையைக் கைப்பற்றினர். 1776 வரை நவாபின் அதிகாரிகள் நாட்டைக் கசக்கிப் பிழிந்தனர்.

கலாபக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தது. வெளியூர்களில் நெல் இருந்தும் உழவர் கொண்டுவர மறுத்தனர். விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. மன்னரின் சொல்லும் செல்லவில்லை, கும்பினியாரின் சொல்லும் செல்லவில்லை. அந்நிலையில் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் தாமே விலைக்குப் பொறுப்பேற்றார். சில நாட்களில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. இதே சுவார்ட்ஸ் 1779இல் கும்பினியாரின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றபோது அவரை நம்பி வரவேற்றவர் ஹைதர். போர் மூண்ட பின்னரும் அவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு தம் படைக்குக் கட்டளையிட்டவரும் அவரே. பகைவர் இருவரும் நம்பியது ஒரு மனிதரின் வாய்மையை!

சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தார். இளமையில் அவருடைய பாதுகாப்பில் வளர்ந்தவர் சரபோஜி. நன்றி மறவாத அம்மன்னர், இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே 1779இல் எழுந்த தேவாலயத்தில் அது இருக்கின்றது. மரணப் படுக்கையிலுள்ள முதியவரின் கையை மன்னர் பற்றி நிற்கும் காட்சி அது.

ஒரே மன்னர் எழுப்பிய சின்னங்கள் இரண்டு. கடற்கரையிலுள்ளது, அவர் காணாத போருக்கு. தேவாலயத்திலுள்ளது, போர்க்காலத்தில் பசித்தவருக்கு நெல் கொணர்ந்தவருக்கு. கலாபத்தில் மடிந்த உழவருக்கும் அன்னக்குடிச் சிப்பாய்களுக்கும் அவர் கல் எதுவும் நடவில்லை. மனோராவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், திரும்பும் வழியில் அத்தேவாலயத்தையும் காட்டுவார்களாக. அங்கே அந்த 80,000 கலம் நெல்லின் கதையைச் சொல்வார்களாயின், பெயரின்றி மடிந்த அம்மக்களும் நினைவுகூரப்படுவர்.