ஆமை போன அமெரிக்கா

குவாதலூப் என்ற தீவை வேதாரண்யத்தில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் தெரியாது. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று, பிரான்ஸைச் சேர்ந்தது என்பதெல்லாம் அங்கிருந்து ஓர் அம்மாள் வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு பூகோளப் படத்தைப் பிரித்துத் தெரிந்துகொண்டதுதான். பள்ளிக்கூட உபாத்தியாயினி. ஐம்பது பிராயம் இருக்கும். முகம் நம் பக்கத்து முகம். பேச்சு முழுக்கப் பிரெஞ்சு. காரைக்கால் நண்பர் ஒருவர் மொழிபெயர்க்கக் கூட வந்திருந்தார்.

அம்மாள் கையில் ஒரு காகிதம். அவளுடைய பாட்டனாரின் தகப்பனார் கப்பலை விட்டு இறங்கியபோது எழுதிய பதிவேட்டின் நகல். ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், ஊர். பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காதில் விழுந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தால் வேதாரண்யம் என்று கொள்ளலாம். தெருப் பெயர் கிடையாது.

1848-ல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் ஏற்றினார்கள். குவாதலூப்புக்கு முதல் கப்பல் 'ஒரேலி' 1854 டிசம்பர் 24-ல் போய்ச் சேர்ந்தது. 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிலீஷ்காரன் சீமை ஜனங்களையும் கூட்டிப் போகலாம் என்று ஆயிற்று. அந்த ஒரு தீவுக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். பெரும்பாலோர் திரும்பவில்லை. பெயர்களும் உருமாறிவிட்டன. சிதம்பரம் அங்கே 'சிதம்பரோம்'. 1863-ல் அங்கேயே பிறந்த ஹென்ரி சிதம்பரோம் என்பவர், இந்தியர்களுக்கு வோட்டு வேண்டும் என்று 1904-லிருந்து 1923 வரை போராடி ஜயித்தார்.

இரண்டு நாள் தெருத் தெருவாக அலைந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "என்ன ஜாதி?" என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள். நண்பர் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலக் கோடியில் ஓர் இடிந்த மண் சுவர் இருக்கிறது. 'இதுதான் அம்மா உன் பாட்டன் வீடு' என்று சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. கதை எழுதுகிறவனுக்கு ஒரு வீட்டைக் கட்டுவது பெரிய காரியமா? நாலாயிரம் கோசம் கடந்து வந்தவள் நம்பியும் இருப்பாள். அந்த நம்பிக்கையைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை, என் அத்தைக்குப் பொழுது போக வேண்டும் என்று, அம்மாள் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்றைச் சொன்னாள். லா ஃபோன்தேன் என்ற பிரெஞ்சுக் கவியின் கதை. ஓர் ஆமைக்குத் தன் பொந்து அலுத்துவிட்டது. ஊர் பார்க்க ஆசை. உன்னை ஆகாச மார்க்கமாக அமெரிக்காவுக்கே கொண்டுபோகிறோம் என்று இரண்டு வாத்துகள் ஒரு குச்சியை நீட்டின.

"குச்சியைக் கவ்விண்டு பேசித்து, விழுந்துது. தெரியுமே!" என்றாள் அத்தை. "ஆனா அது ஊர் பாக்கவா போச்சு? பன்னண்டு வருஷம் மழை இல்லே. குளம் வத்திப் போச்சு. இல்லாட்டா அது ஏன் போறது?"

பஞ்சதந்திரக் கதை. பாரசீகம், அரபி என்று பல பாஷைகள் மாறிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. லா ஃபோன்தேனும் 1678-ல் வெளியிட்ட தொகுதியில், பில்பை என்ற இந்திய ஞானிக்குத் தாம் கடன்பட்டதாக ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் வழியில் எங்கேயோ பஞ்சம் உதிர்ந்துவிட்டது. ஆமை உல்லாசப் பிரயாணியாகிவிட்டது.

நண்பர் மொழிபெயர்த்ததும் அம்மாள் காகிதத்தை மறுபடி எடுத்தாள். வருஷம் 1878. தாது வருஷப் பஞ்சம் ஆரம்பித்து இரண்டு வருஷம். தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஆற்றுப் பாசனம் உண்டு என்று சொல்லலாம். ஆனால் காவிரி எல்லா ஊருக்கும் போய்விட்டுக் கடைசியில் எட்டிப் பார்க்கிற ஊர் இது. பதிவேட்டில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஏன் புறப்பட்டாய் என்பதற்குக் கட்டம் இல்லை.

வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தன் பாட்டி பூசையில் கொடி ஏற்றும்போது ஒரு பெயர் சொல்லுவாள், கடலில் காப்பாற்றுகிறவர், யாரென்று தெரியாது என்று சொல்லி, அந்தப் பெயரை மெதுவாக உச்சரித்தாள்: "நாகூர்மிரா."

அதற்கு நண்பர் வாய் திறக்கவில்லை. அத்தை எழுந்து உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். நாகூருக்குப் பதினொரு மணிக்கு ஒரு பஸ் இருந்தது.