சக்கரத்து வீட்டில் அடுப்புக்கு எங்கே இடம்?

அமெரிக்காவில் குதிரை வளர்க்கிற ஆக்களிடம் ஒரு வகை ரெயிலர் இருக்கிறது. பிக்கப் வாகனத்தில் கொழுவி இழுத்துக்கொண்டு போவது. பின்பாதியில் இரண்டு மூன்று குதிரைகள் நிற்கும். முன்பாதியில் மனிதருக்கு ஒரு சின்ன அறை. கட்டில், கழுவுதொட்டி, மலசலகூடம், சிலவேளை ஒரு சோபாவும் இருக்கும். ரோடியோ, குதிரைப் போட்டி என்று ஊர் ஊராகத் திரிகிறவர்கள் மூன்று நாலு நாளை அதற்குள்ளேயே கழித்துவிடுவார்கள். இப்படி ஒரு ரெயிலரைச் சொல்லிச் செய்விக்கப் போனால் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: உள்ளே அடுப்பு வைப்பதா, விடுவதா?

இதிலென்ன யோசிக்க இருக்கிறது என்று தோன்றும். இரண்டு பேர்னர் உள்ள ஒரு காஸ் குக்கர், அவ்வளவுதானே. ஆனால் அந்த அறையில் மரக்கறி வெட்ட, கோப்பை வைக்க, தேத்தண்ணி ஊற்ற என்று இருக்கிற மேடையே ஒரு சின்ன மேசையளவுதான். குக்கரைப் பதித்தால் அதில் பாதி போய்விடும். காஸ் சிலிண்டர் வேண்டும், குழாய் வேண்டும், காற்றுப் போக வழி வேண்டும். பொரியல் வாசம் மெத்தையில் ஒட்டும். ஒரு சுவருக்கு அங்கால் குதிரையும் காய்ந்த புல்லும். அதனால் கனபேர் "மைக்ரோவேவ் போதும், சமைக்கிறதென்றால் வெளியில சமைப்பம்" என்று முடிவெடுக்கிறார்கள். வேறு சிலர் அடுப்பில்லாமல் என்ன வீடு என்கிறார்கள். இந்த வழக்கு எப்ப தொடங்கினது என்று பார்க்கப் போய், நாங்கள் கிட்டத்தட்ட 180 வருசம் பின்னால் போய் நின்றோம்.

1840களில் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து ஒரிகன் நோக்கி குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். தூரம் சுமார் 3,200 கிலோமீற்றர். மாடு பூட்டிய வண்டிலில் ஐந்து மாதமளவு பயணம். வண்டில் பெட்டி பத்தடி நீளம், நாலடி அகலம். ஏற்றக்கூடிய பாரம் ஒரு தொன்னை ஒட்டித்தான். அந்தப் பாரத்துக்குள் மா, பன்றி இறைச்சி, கோப்பி, விதை, கலப்பை எல்லாம் அடங்க வேண்டும். படங்களில் காட்டுகிற மாதிரி அந்த வண்டில் வீடு அல்ல, களஞ்சியம். ஆக்கள் பெரும்பாலும் பக்கத்தில் நடந்துதான் போனார்கள்.

அந்தக் களஞ்சியத்துக்குள் சிலர் வார்ப்பிரும்பு அடுப்பையும் ஏற்றினார்கள். இது விளங்க வேண்டுமென்றால் ஒன்றை ஞாபகம் வைக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் இரும்பு அடுப்பு பரவியதே 1830, 40களில்தான். அதற்கு முன் பெண்கள் திறந்த கணப்பின் முன் குனிந்து நின்று, பாவாடையில் நெருப்புப் பிடிக்காமல் பார்த்துப் பார்த்துச் சமைத்தவர்கள். இடுப்பை நிமிர்த்தி நின்று சமைக்க வைத்த சாமான் அந்த அடுப்பு. கையில் கிடைத்து ஐந்து பத்து வருசத்தில் அதை விட்டுவிட்டு வா என்றால் யாருக்கு மனம் வரும்?

ஆனால் மாடுகள் களைத்தன. 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் என்று கேள்விப்பட்ட கூட்டமும் அதே பாதையில் சேர்ந்தபோது, லாரமி கோட்டையைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் வழியோரம் எறியப்பட்ட சாமான்கள் குவிந்தன. அந்தக் காலத்து நாட்குறிப்புகளில் அடுப்பு, பெட்டகம், கொல்லன் பட்டடை, பன்றி இறைச்சி என்று பட்டியல் நீளும். சோல்ட் லேக் பக்கம் குடியேறியிருந்த மோர்மன்கள் வண்டிலோடு வந்து வேண்டியதைப் பொறுக்கிப் போனதும் உண்டு. அடுப்பை எறிந்தவர்கள் பிறகு தரையில் பள்ளம் தோண்டி, மூடியுள்ள கனத்த இரும்புச் சட்டியைத் தணலில் வைத்துச் சமைத்தார்கள். மரமில்லாத வெளியில் விறகுக்குப் பதில் பைசன் எருமையின் காய்ந்த சாணம். எங்கட ஊர் வரட்டிபோலத்தான், தட்டத் தேவையில்லாத வரட்டி. காற்றிலும் மழையிலும் மீண்டும் குனிந்து சமைத்தது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வண்டிலுக்குள் அடுப்பு மூட்டுவது யோசிக்கக்கூட முடியாதது. மேலே போர்த்தியிருந்தது மழைக்காக ஆளிவிதை எண்ணெய் பூசிய துணி. பொறி பட்டால் கதை முடிந்தது.

1866இல் ரெக்சாஸ்காரர் சார்ள்ஸ் குட்நைட் இதற்கு இன்னொரு விடை கண்டார். நியூ மெக்சிக்கோவுக்கு மாட்டு மந்தை ஓட்டிப் போக வேண்டும். இராணுவம் கழித்துவிட்ட ஒரு வண்டிலை வாங்கி, பின்பக்கத்தில் இழுப்பறைகள் உள்ள மரப்பெட்டியொன்றைப் பொருத்தினார். பெட்டியின் மூடியை இறக்கி ஒரு காலை ஊன்றினால் அதுவே மேசை. மா, கோப்பி, அவரை, மருந்து, ஊசி நூல் எல்லாம் அதற்குள். குசினி முழுக்க வண்டிலில் இருக்கிறது, நெருப்பைத் தவிர. அது தரையில். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு சமையல்காரர். சம்பளம் வாங்குகிற ஆண். முகாமில் அவர் வைத்ததுதான் சட்டம். வண்டிலுக்குக் கிட்டக் குதிரையை ஓட்டி வந்து சட்டிக்குள் புழுதி கிளப்பினால் கிடைக்கிற பேச்சு வேற லெவல். பெண்கள் செய்தால் வீட்டு வேலை, ஆண் செய்தால் பதவி என்பது அந்தப் புல்வெளியிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

நெருப்பு உண்மையாகவே உள்ளே வந்தது செம்மறி மேய்ப்பர்களுக்காக. இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வயோமிங் மாநிலத்தின் றோலின்ஸ் நகரில் ஜேம்ஸ் கான்டிலிஷ் என்ற கொல்லர் 1884இல் முதலாவது செம்மறி வண்டிலைச் செய்தார் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அந்த வண்டிலின் அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. முன்பக்கத்தில் கதவு. கதவைத் திறந்து ஏறினால் உடனே வலது பக்கம் அடுப்பு. இரண்டு பக்கமும் நீளத்துக்கு வாங்கு, கீழே சாமான் பெட்டிகள். பின்பக்கம் குறுக்காக உயர்த்திப் போட்ட கட்டில். கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தெடுக்கிற மேசை. மேலே வளைந்த சட்டங்களில் கன்வஸ். புகைக்குழாய் கூரையைத் தாண்டுகிற இடத்தில் துணி எரியாமல் ஒரு தகடு.

ஏன் இங்கே மட்டும் உள்ளே? மந்தை ஓட்டுகிறவர்கள் கூட்டமாகப் போனார்கள், அதுவும் பெரும்பாலும் வெயில் காலத்தில். செம்மறி மேய்ப்பர் தனி ஆள். ஒரு நாய், ஒரு குதிரை, ஆயிரக்கணக்கில் ஆடு. வயோமிங் பனியிலும் அவர் வெளியில்தான் இருக்க வேண்டும். அவருக்கு அடுப்பு சமைக்க மட்டுமல்ல. கை விறைக்காமல் இருக்க, சப்பாத்துக் காய, பனியை உருக்கித் தண்ணியாக்க. தீ மூட்டித் தர வேறு ஆளில்லை.

கதவடியில் அடுப்பு வைத்தது நல்ல கெட்டித்தனம். சாம்பலை அப்படியே வெளியில் கொட்டலாம். விறகை வெளியிலிருந்தே எட்டி எடுக்கலாம். கதவும் மேல் கீழ் என்று இரண்டு துண்டாகத் தனித்தனியே திறக்கும். கீழ்ப்பாதியைச் சாத்தி மேல்பாதியைத் திறந்து வைத்தால் கால் குளிராது, மூச்சும் முட்டாது. நெருப்போடு ஒரே பெட்டிக்குள் உறங்குகிறவனுக்குக் காற்று எவ்வளவு முக்கியம் என்று அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வண்டில்களில் பாஸ்க் இனத்தவர், மெக்சிக்கர் என்று பலர் காலம் கழித்தார்கள். இப்போது பெருவிலிருந்து தற்காலிகத் தொழில் வீசாவில் வருகிறவர்கள் பலர். அவர்கள் தங்குகிற நடமாடும் இருப்பிடத்துக்கு அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் விதிகள் உண்டு. தொழிலாளி தன் இருப்பிடத்திலேயே சமைக்க வேண்டியிருந்தால் வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடமும் அடுப்பும் கொடுக்க வேண்டியது முதலாளி. ரோடியோவுக்குப் போகிறவருக்கு விருப்பத் தெரிவாக இருக்கிற அதே அடுப்பு இங்கே தொழிலாளியின் உரிமை. விதி எழுதியிருப்பதாலேயே எல்லா வண்டிலிலும் எல்லாம் ஒழுங்கு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் இதை வாசிக்கும்போது எங்கட மலையக லயங்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? பத்துக்குப் பன்னிரண்டடி அறை கட்டிக் கொடுத்தவர்கள், புகை எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. அடுப்பு அறைக்குள்ளேயே ஒரு மூலையில், அல்லது விறாந்தையில். அங்கே இடத்தைத் தீர்மானித்தது சமைத்தவர்கள் அல்ல.

இனி உல்லாசப் பயணம். 1920களில் ஃபோர்ட் மொடல் ரி கார் வாங்கியவர்கள் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். பிறகு எயர்ஸ்ட்ரீம் ரெயிலர்களைத் தொடங்கிய வாலி பையம் முதலில் மொடல் ரி அடிச்சட்டத்தின் மேல் கூடாரம்தான் கட்டினார். குசினி இல்லாமல் முகாமுக்கு வரமாட்டேன் என்று மனைவி மரியன் மறுத்துவிட்டாராம். அதன் பிறகே ஐஸ் பெட்டியும் மண்ணெண்ணெய் அடுப்பும் உள்ளடங்கிய கூடு ஒன்றை அவர் செய்தார் என்பது அந்த நிறுவனம் சொல்லுகிற கதை. 1936இல் வந்த அவர்களது கிளிப்பர் ரெயிலரில் நாலு பேர் படுக்கலாம், மின்விளக்கு, தண்ணீர் எல்லாம் உண்டு. விலை 1,200 டொலர். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் அது சின்னக் காசல்ல.

மரியன் கேட்டது நியாயம்தான். ஆனால் கதையைச் சொல்லுகிற விதத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. குசினி கூடவே வந்தால் விடுமுறையிலும் அதில் நிற்கப் போகிறது யார்? 1954இல் லூசில் போல், டெசி ஆர்னாஸ் நடித்த "த லோங், லோங் ரெயிலர்" படம் இதை வைத்தே சிரிப்புக் காட்டியது. புதுக் கணவன் காரை ஓட்டுகிறான், மனைவி பின்னால் ஓடுகிற ரெயிலருக்குள் நின்று இராச்சாப்பாடு சமைக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் சட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பார்க்கப் பம்பலாகத்தான் இருக்கும்.

அதே முப்பதுகளில் கண்ணீர்த்துளி வடிவச் சின்ன ரெயிலர்கள் வேறு மாதிரி யோசித்தன. உள்ளே படுக்கை மட்டும். பின்மூடியைத் தூக்கினால் குசினி. சமைக்கிறவர் வெளியில், மூடிக்குக் கீழே நிற்கிறார். அதாவது குட்நைட்டின் பெட்டி திரும்பி வந்தது. இந்த முறை தூக்கிய மூடி தலைக்குக் கூரையாகவும் ஆனது.

மண்ணெண்ணெயின் இடத்தைப் பிறகு புரொப்பேன் பிடித்தது. எங்கட காஸ் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். 2021 கடைசியில் நாட்டில் அடுத்தடுத்து காஸ் வெடித்தபோது இந்த விகிதக் கதை எல்லார் வாயிலும் இருந்தது ஞாபகமிருக்கும். பியூட்டேன் பூச்சிய பாகையை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுக்கும்; புரொப்பேன் மைனஸ் 42 பாகை வரை ஆவியாகும். பனிக்குள் ரெயிலர் இழுக்கிறவர்களுக்கு அதனால்தான் புரொப்பேன். ஆனால் விறகடுப்புக்கு இருந்த புகைக்குழாய் காஸ் குக்கருக்கு இல்லை. எரிகிற ஒவ்வொரு நிமிடமும் நீராவி அறைக்குள் சேரும். எரிவு சரியில்லையென்றால் காபன் மொனொக்சைட்டும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கு யன்னலைச் சாத்திவிட்டு குக்கரை ஹீற்றராகப் பாவித்து உயிரை விட்டவர்கள் உண்டு. அந்தப் பாதிக்கதவுக்காரரை நாங்கள் மெச்சினது சும்மா இல்லை.

காஸே வேண்டாம், இன்டக்சன் போதும் என்பவர்களும் இப்போது கூடுகிறார்கள். 1,800 வொற் அடுப்பு அமெரிக்காவின் 120 வோல்ற்றில் 15 அம்பியர் இழுக்கும். பக்கத்தில் ஏசியும் ஓடினால் ஒன்றை நிறுத்தித்தான் மற்றதைப் போடவேண்டி வரலாம். சமையலா குளிரா என்ற பழைய கேள்வி தலைகீழாக வந்து நிற்கிறது.

இதற்குள் வரித் திணைக்களமும் வருகிறது. அமெரிக்காவில் வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு. படகும் ரெயிலரும் வீடாகக் கணக்கெடுக்கப்படலாம். அதற்கு மூன்று வசதிகள் வேண்டும்: படுக்க, சமைக்க, மலசலம் கழிக்க. சோபா கேட்கவில்லை, கதவிலக்கம் கேட்கவில்லை. சமையல் கேட்கிறார்கள். தனியாக உலை வைத்தால் தனிக் குடும்பம் என்று எங்கட அம்மம்மாக்கள் சொல்லுகிற கணக்கும் இதுதானே.

குதிரை ரெயிலர்காரரின் கேள்விக்கு எங்கட விடை என்ன என்று கேட்டால், எங்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. வெயில் காலத்தில் மூன்று நாள் போட்டிக்குப் போய் நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடுகிறவருக்கு உள்ளே குக்கர் தேவையில்லை. பெட்டிக்குள் மடிக்கிற அடுப்பொன்றை வெளியில் வைத்துக்கொள்ளலாம், மேடை மிஞ்சும். தனியாகப் போகிறவர், குளிருக்குள் போகிறவர், விடிய நாலு மணிக்கு எழும்பிக் குதிரைக்குத் தீனி போடுகிறவர் வைக்கத்தான் வேண்டும். மழைக்குள் குனிந்திருந்து கோப்பி போட்ட ஆக்களைப் பற்றி இவ்வளவு வாசித்த பிறகு எங்களில் பெரும்பான்மை வைக்கிற பக்கம். வைக்கிறதென்றால் கதவுக்குக் கிட்ட வையுங்கோ, பக்கத்தில் திறக்கிற யன்னலொன்றும் இருக்கட்டும், ஓடும்போது சிலிண்டரைப் பூட்டுங்கோ. யார் சமைக்கிறது என்பதை மட்டும் புறப்பட முதலே கதைத்துவிடுங்கோ.