வாகன வானொலி அலைப்பிடிப்பு: கேமரன் மலை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் ரயில் ஓடுவதில்லை. தண்டவாளம் மேற்கே பேராக் சமவெளியில், தாப்பா ரோடு, ஈப்போ வழியாகச் செல்கிறது. ஆனால் ரயில்வே வானொலியைக் கேட்க விரும்புவோர் கற்க வேண்டிய பாடமெல்லாம் இந்த மலையில் உண்டு.

எடுத்துக்காட்டாக, வட அமெரிக்க ரயில்வேக்களின் குரல் தொடர்பு 160 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் நடப்பது. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் போன்ற பள்ளத்தாக்குத் தோட்டங்களில் முகடுகள் அவற்றை மறைத்துவிடும். சரிவுகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதும் உண்டு. அதனால் நிற்கும் வண்டியை ஒன்றரை அடி நகர்த்தினாலே குரல் தெளியலாம்.

முதலில் மாற்ற வேண்டியது கருவியை அல்ல, ஏரியலை. கால் அலைநீளக் கம்பி, அதாவது சுமார் 46 சென்டிமீட்டர், உலோகக் கூரையின் நடுவில் நின்றால் போதும். கேபிள் குட்டையாகவும் தரமாகவும் இருக்கட்டும். கடைக்காரர் முதலில் நீட்டும், அலையை வலுவாக்கும் பூஸ்டர் பெரும்பாலும் வீண்செலவு. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையுச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு அருகே அது கேடும் செய்யும்: வலுத்த அலைகள் கருவியைத் திணறடிக்கும். அங்கே தேவைப்படுவது வேண்டாத அலைவரிசைகளைத் தடுக்கும் வடிகட்டி.

கேட்கத் தொடங்குமுன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: மலேசியாவில் பிறர் தகவல்தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பதை 1998ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டம் தடைசெய்கிறது.