மாட்டுத்தோலும் சுறாவும் சேர்ந்து கொடுத்த புதுத்தோல்

1) பெரிய தீக்காயத்தில் பல நேரம் தீ உள்ளுறுப்பைத் தொட்டிருக்காது. ஆனாலும் நோயாளி இறந்துவிடுவார். ஏன்? தோல் போயிடுச்சு, அதான். உடம்பின் நீரை உள்ளே பிடித்து வைப்பதும், கிருமியை வெளியே நிறுத்துவதும் தோல்தானே. அது போனால் முதலில் நீரிழப்பு, பின்னாடியே கிருமித்தொற்று.

2) சின்னக் காயம்னா தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டிடலாம். உடம்பில் 80% வெந்தவருக்கு எங்கிருந்து எடுப்பது? இறந்தவரின் தோலைப் போர்த்தினாலும் சில வாரங்களில் உடம்பு அதை நிராகரித்துவிடும்.

3) 1960களின் கடைசி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தீக்காய அறுவை நிபுணர் ஜான் பர்க் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அவரோடு கைகோத்தவர் எம்.ஐ.டி.யின் அயானிஸ் யானாஸ். கிரேக்கத்தில் பிறந்தவர், டாக்டர் இல்லை. பாலிமர் படித்த விஞ்ஞானி!

4) முதலில் அவர்கள் தேடியது வெறும் ஒரு போர்வை. காயம் சீக்கிரம் மூடணும், அவ்வளவுதான். கினி பன்றிகளில் ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்று மட்டும் தலைகீழாக நடந்தது. காயம் மூடுவதை அது தாமதப்படுத்தியது!

5) தோல்வி மாதிரி தெரியுதுல்ல? இல்லீங்க. பெரிய காயம் ஆறும்போது ஓரங்கள் சுருங்கி, இழுத்துக்கொண்டு, தழும்பாகும். தீக்காயம் பட்டவர்களுக்குக் கழுத்து, முழங்கை மடங்கியபடி ஒட்டிக்கொள்வது இதனால்தான். இந்தப் பொருள் அந்தச் சுருக்கத்தைத் தடுத்த இடத்தில், தழும்புக்குப் பதிலாகத் தோலின் அடி அடுக்கு புதிதாக வளர்ந்தது. அந்த அடுக்கு பெரியவர்களுக்குத் தானாக வளரவே வளராது.

6) எதில் செய்தார்கள்? மாட்டுத்தோலின் கொலாஜன், சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருள். இரண்டையும் கலந்து, உறையவைத்து உலர்த்தினால் ஸ்பாஞ்ச் மாதிரி நுண்துளைகள். மேலே மெல்லிய சிலிக்கோன் படலம். வெட்டலாம், வளைக்கலாம், மூட்டைச் சுற்றி மடித்தும் வைக்கலாம்.

7) வீடு கட்டும்போது சாரம் கட்டுவோமே, அதேதான். நம் செல்களும் ரத்தக்குழாய்களும் அந்தத் துளைகளுக்குள் ஏறி வேலை செய்யும். ஒரு வித்தியாசம்: இந்தச் சாரத்தை யாரும் பிரிக்க வேண்டாம். உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.

8) இரண்டு மூன்று வாரம் கழித்து சிலிக்கோனை உரித்துவிட்டு, நோயாளியின் சொந்த மேல்தோலை வெறும் 0.1 மி.மீ. கனத்தில் எடுத்து ஒட்டுவார்கள். இவ்வளவு மெல்லிசாக எடுத்தால் எடுத்த இடம் சீக்கிரம் ஆறும். அதே இடத்தில் திரும்பவும் எடுக்கலாம். நல்ல தோல் கொஞ்சமே மிஞ்சியவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

9) 1981ல் 10 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். உடம்பில் 50 முதல் 95% வரை வெந்தவர்கள் அவர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது 1996ல். பெயர் இன்டெக்ரா. திசுக்களைச் சாரம் கட்டி வளர்க்கும் துறையின் முதல் பெரிய வெற்றிகளில் இதுவும் ஒன்று.

10) குறையே இல்லையா? இருக்கு. புதுத்தோலில் முடி முளைக்காது, வியர்க்காது. அடியில் கிருமி சேர்ந்தால் மொத்தமும் வீணாகும். விலையும் அதிகம். அதனால் பெரிய தீக்காயத்துக்கு இன்றைக்கும் தானமாக வரும் தோல்தான் பல இடங்களில் முதல் போர்வை. நிரந்தரமாக ஒட்டாது, ஆனால் உயிரைக் காப்பாற்ற அந்தச் சில வாரங்கள் போதும்.

11) கண் தானம் தெரிந்த அளவுக்குத் தோல் தானம் நமக்குத் தெரியாது. இறந்த 6 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். எடுப்பது மெல்லிய மேல் அடுக்கு மட்டும்தான், உடல் விகாரமாகாது. வீட்டில் இன்றைக்கே ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.