எப்போது என்னும் கேள்வி

எம்.கே.பி. நகரில் பழைய வண்டிகளைப் பழுதுபார்ப்பவரிடம், “விளக்குச் சிலநாள் எரிகிறது, சிலநாள் அணைகிறது” என்று சொல்லிப் பாருங்கள். “எப்போது அணைகிறது? மழையிலா?” என்று அவர் கேட்பார். அக்கேள்வியின் அருமையைச் சென்னை டிராம் வரலாறு உணர்த்தும்.

1895 மே 7ஆம் நாள், இந்தியாவின் முதல் மின்சார டிராம் இங்கே ஓடத் தொடங்கியது. அதற்குரிய மின்கம்பி தலைக்கு மேல் இல்லை. தெருவின் அடியில் அமைத்த குழியில் கிடந்தது. வறண்ட நாளில் அம்முறை செவ்வனே இயங்கும். நீர் புகுந்தாலோ மின்சாரம் நிலத்தில் கசியும். சென்னையின் பருவமழை அதைக் குலைத்தது.

வண்டியைக் கழற்றி ஆராய்ந்தால் குறை அகப்படுமோ? குறை வழியிலன்றோ இருந்தது! பின்னர்க் கம்பிகளை மேலே கட்டினர். 1953 ஏப்ரல் வரை டிராம் ஓடியது.

தோன்றி மறையும் பழுதை ‘எங்கே’ என்று தேடுமுன், ‘எப்போது’ என்று கேளுங்கள்.