எங்கே என்னும் வினா

பேரிடர் ஒன்று நேர்ந்தபின் மக்கள் கேட்கும் கேள்விகள் பல. ஏன் நேர்ந்தது, எவர் மாண்டார், எவர் பிழைத்தார் என்பன அவற்றுட் சில. நேருமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது ‘எங்கே?’ என்பது. எந்தச் சரிவு வழுக்கும், எந்தத் தெருவில் வெள்ளம் ஏறும், எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் இருக்கிறார் என்பவற்றை முன்னதாக அறிந்துவைத்த ஊர், இடரைத் தடுக்க இயலாவிடினும் இழப்பைக் குறைத்துக்கொள்ளும். இவ்வறிவைத் தொகுத்துவைக்கும் கருவி இன்று புவியியல் தகவல் முறைமை என வழங்கப்படுகின்றது. தொகுத்ததை நொடிப்பொழுதிற் பரப்புவது இணையம். இவை வளர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, அறிவைத் தேடுவதிலும் பார்க்க அதனை உரியவரிடம் சேர்ப்பதே அரிய காரியமாக இருந்துவந்தமை புலனாகும்.

1854ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியில் வாந்திபேதி மூண்டது. சில வாரங்களுள் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட காற்றினாலேயே இந்நோய் பரவுகின்றது என்பது அக்கால மருத்துவர் பெரும்பாலோரின் கொள்கை. ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் அதனை ஏற்றாரல்லர். மாண்டோர் எங்கே வாழ்ந்தனர், எங்கிருந்து தண்ணீர் பெற்றனர் என்று அவர் வீடுவீடாக விசாரித்தார். புறோட் வீதியிலிருந்த பொதுப் பம்பியே அவர்களுட் பெரும்பாலோருக்கு நீர் தந்தது என்பது தெரியவந்தது. அவ்வீதியிலேயே வேலைசெய்த மதுவடிசாலைத் தொழிலாளரோ அந்நீரைக் குடியாமையால் நோய்க்குத் தப்பினர். ஸ்னோவின் சான்றுகளைக் கேட்ட ஊர்ச்சபையார் செப்டெம்பர் 8ஆம் நாள் பம்பியின் கைப்பிடியைக் கழற்றுவித்தனர். பின்னர் அவர் வெளியிட்ட தேசப்படத்தில் ஒவ்வொரு மரணமும் அவ்வவ் வீட்டருகே ஒரு கருங்கோடாகக் குறிக்கப்பட்டது. கோடுகள் பம்பியைச் சுற்றியே செறிந்து நின்றன. ஆயினும் அப்படம் மரணங்களுக்குப் பின் வரையப்பட்டது. மரணத்துக்கு முன்னரே அத்தகைய படத்தை வரைவது பின்வந்தோர் கடனாயிற்று.

ஓரிடத்தின் ஆபத்தை அறிய ஒரு படம் போதாது. மண்ணைக் காட்டும் படம், சரிவைக் காட்டும் படம், குடியிருப்பைக் காட்டும் படம் ஆகியவற்றை ஒளிபுகும் தாள்களில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது பழைய முறை. பெருநிலப்பரப்புக்கு இவ்வாறு செய்வதாயின் காலமும் பணமும் அளவின்றிச் செலவாகும். இத்தடையைக் கணினிகொண்டு கடக்கலாம் எனக் கண்டவர், இங்கிலாந்திற் பிறந்து கனடாவிற் பணியாற்றிய ரொஜர் ரொம்லின்சன் என்னும் புவியியலாளர். கனடிய அரசு தன் நிலவளங்களைக் கணக்கெடுக்க முற்பட்டபோது, 1960களில் அவர் தலைமையில் இம்முறைமை உருவாயிற்று. சரிவு மிக்கதும், மண் தளர்ந்ததும், மக்கள் வாழ்வதுமான இடங்கள் எவை என்று வினவினால், கணினியே படங்களைப் பொருத்தி விடைதரும் நிலை இதனால் வந்தது. 1972 முதல் லான்ட்சாட் செய்மதிகள் விண்ணிலிருந்து நிலத்தைப் படம்பிடித்து அனுப்பலாயின. தகவலுக்குப் பஞ்சம் நீங்கிற்று.

நிற்க. தகவல் இருந்தும் பயன்படாத நாள் ஒன்று வந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அச்செய்தி கால் மணி நேரத்துள் ஹவாயிலுள்ள பசுபிக் எச்சரிக்கை நிலையத்தாருக்கு எட்டிவிட்டது. அலை இலங்கையின் கிழக்குக் கரையை வந்தடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. கடலை விட்டு விலகி நடப்பதற்கு இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் இந்து சமுத்திரக் கரைகளுக்கென எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அன்று இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் முப்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டனர்.

அத்துயரிலிருந்து பிறந்த முயற்சிகளும் உள. காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருட்களையும் பதிவுசெய்தற்கென ‘சஹானா’ என்னும் மென்பொருளை இலங்கைக் கணினியாளர் தன்னார்வமாக ஆக்கினர். அது பின்னர்ப் பிறநாட்டு அனர்த்தங்களிலும் உதவிற்று. 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராக் கடல் மீண்டும் அதிர்ந்தபோது, எச்சரிக்கை உரிய வேளையிற் கிடைத்தது. கரையோர மக்கள் உள்நாடு நோக்கி நகர்ந்தனர். அன்று பேரலை எழவில்லை; எழுந்திருப்பினும் 2004இன் கதி நேர்ந்திராது.

இணையத்தின் வலிமையை உலகம் நன்கு உணர்ந்தது 2010 ஜனவரி 12ஆம் நாள் ஹெயிட்டி நாட்டை நிலநடுக்கம் தாக்கியபோதாகும். தலைநகரின் வீதிகளைத் துலக்கமாகக் காட்டும் படம் மீட்புப்பணியாளரிடம் இருக்கவில்லை. பல நாடுகளில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான தன்னார்வலர், செய்மதிப் படங்களைப் பார்த்து, வீதிகளையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மப்’ என்னும் பொதுத் தேசப்படத்தில் வரைந்தனர். மீட்புப்பணியாளர் அதனைக் கையடக்கக் கருவிகளில் ஏற்றிக்கொண்டு வழி கண்டனர். எனினும் இதுவும் நேர்ந்தபின் வரைந்த படமே.

நேருமுன் வரைந்த படத்தின் கதை இலங்கையின் மலைநாட்டில் உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார், பாறையின் அமைப்பு, மண்ணின் தடிப்பு, சரிவு, நீரோடும் வழி, நிலவுரு, நிலப்பயன்பாடு ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்து, மண்சரிவு அபாயப் படங்களை வரைந்துவருகின்றனர். பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டம் ஆபத்தானது என்பது 2005இலும் 2011இலும் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் தொழிலாளர் குடும்பங்கள் அதே லயங்களில் வாழ்ந்தன. வேறு நிலமும் வீடும் கையில் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை எவ்வாறு புகலிடமாகும்? 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினர். அவர்கள் திரும்பிவர வீடு இருக்கவில்லை. தப்பியோருக்குப் புதுவீடுகள் அதன் பின்னரே வேறிடத்தில் எழுந்தன. அவ்வீடுகள் முன்னரே எழுந்திருப்பின் அத்தனை உயிர்களும் நிலைத்திருக்கும்.

இக்காலத்தில் மலைச்சரிவுகளில் நாட்டிய மழைமானிகள் தாமாகவே செய்தி அனுப்புகின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பும், 100 எனின் ஆயத்தமும், 150 எனின் வெளியேற்றமும் வேண்டும் என்பது விதி. அச்செய்தி தோட்டத்துத் தாய் அறிந்த மொழியில், அவள் உறங்குமுன் அவளை அடைதல் வேண்டும். அவள் செல்வதற்குப் பாதுகாப்பான ஓரிடமும், அதற்குச் செல்ல ஒரு வழியும் முன்னரே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றைக் குறித்துவைக்கக் கிராமசேவையாளரும் ஆசிரியரும் இளைஞரும் கூடி முயலலாம். தம் ஊரின் ஓடைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் அவர்களைப்போல் அறிந்தார் இல்லை. நிலமும் வீடும் தரவேண்டியவர்கள் அதிகாரத்தில் உள்ளவர்கள். இலண்டனில் ஸ்னோ சான்று காட்டியதோடு காரியம் முடிந்துவிடவில்லை. கைப்பிடியைக் கழற்றவும் ஒருவர் முன்வந்தார். மலைநாட்டின் அபாயப் படங்களும் அத்தகைய கைகளையே வேண்டி நிற்கின்றன.