அது கருடனா, கடற்கழுகா? கடலோரப் பருந்துகளை அடையாளம் காண்பது எப்படி?

கோயில் கும்பாபிஷேகத்தில் "அதோ, கருடன்!" என்று எல்லாரும் வானத்தைக் காட்டுவாங்களே, அந்தப் பறவைதான் செம்பருந்து. மலாயில் லாங் மேரா. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலுள்ள கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி போர்ட் கிள்ளான் போனால், ஆண்டு முழுவதும் அதைப் பார்க்கலாம். வடக்கே குளிர்காலமான அக்டோபர் முதல் மார்ச் வரை வெளிநாட்டுப் பருந்துகளும் வந்து சேரும். குழப்பம் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

எதைக் கவனிப்பது?

நிறத்தை மட்டும் நம்பாதீங்க. இளம் செம்பருந்து முழுக்கப் பழுப்பாக இருக்கும். இறக்கை, வால், பறக்கும் விதம் மூன்றையும் பாருங்கள்.

• செம்பருந்து: வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல், வட்டமான வால்.
• வெண்வயிற்றுக் கடற்கழுகு: இறக்கை விரிப்பு சுமார் 2 மீட்டர். குட்டையான ஆப்பு வடிவ வால். மிதக்கும்போது இறக்கைகளை 'வி' போல உயர்த்திப் பிடிக்கும்.
• விராலடிப்பான்: குளிர்கால விருந்தாளி. கண் வழியே கருங்கோடு, வளைந்த நீள இறக்கை. கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும்.
• தேன் பருந்து: புறா போன்ற சின்னத் தலை, நீண்ட கழுத்து. நிறம் பறவைக்குப் பறவை மாறும். குளவி, தேனீக் கூடுகளில் உள்ள புழுக்களே முக்கிய உணவு.

கூட்டமாகப் பார்க்க எங்கே போகலாம்?

போர்ட்டிக்சன் அருகிலுள்ள தஞ்சோங் துவான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் இங்கேதான் கரையேறும். மார்ச்சில் கூட்டம் அதிகம். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இங்கே 'ராப்டர் வாட்ச்' விழாவை நடத்தி வந்திருக்கிறது.

ஏன் அந்த இடம்?

சூடான நிலத்திலிருந்து மேலெழும் காற்றில் ஏறி மிதப்பதால்தான் இவற்றால் களைப்பின்றி வெகுதூரம் போக முடிகிறது. கடல்மேல் அந்தக் காற்று பலவீனம், இறக்கையடித்தே கடக்கணும். அதனால் நீரிணை குறுகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. ரூபாட் தீவிலிருந்து இங்கே சுமார் 38 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் நண்பகல் வாக்கில் களைத்து, தாழப் பறந்து வந்து சேரும்.

ஆகவே அந்த முனையின் காடு வெறும் வேடிக்கை பார்க்கும் இடமல்ல; அவற்றுக்கு முதல் ஓய்விடம். சத்தம் போட்டோ, டிரோன் விட்டோ கிளப்பிவிட்டால், மிச்சமிருக்கும் தெம்பும் வீணாகும். தொலைநோக்கியோடு தள்ளி நின்று பாருங்கள்.